கயிறு விற்காத கடை

எங்கள் கடையில் ஆணி கிடைக்கும், அரம் கிடைக்கும், பூட்டு, தாழ்ப்பாள், குழாய், வாளி, எலிப்பொறிகூடக் கிடைக்கும். கயிறு மட்டும் கிடைக்காது. இரும்புக்கடை என்று பலகை மாட்டிக்கொண்டு கயிறு விற்காத கடை உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். எதிரே முடிவெட்டும் கடை வைத்திருக்கும் சீப்புக்காரர் தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கிய கையோடு இந்தப் பக்கம் திரும்பி, "என்ன முதலாளி, கயிறு வந்தாச்சா?" என்று ஒரு குரல் கொடுப்பார். என் மாமனார் பதிலே சொல்ல மாட்டார். ஆணி நிறுக்கும் தராசை எடுத்துத் துடைக்க ஆரம்பிப்பார். துடைத்துத் துடைத்துத் தராசு தேய்ந்ததுதான் மிச்சம்.

காரணம் ஊருக்கே தெரியும். எங்கள் கடைக்கு நேர் எதிர்ச் சாரியில், சீப்புக்காரர் கடையை ஒட்டி அருங்காட்சியகம். அதன் நடுக்கூடத்தில் ஒரு பழைய வாட்டர்கலர் படம் தொங்குகிறது. சதுக்கத்தில் ஒரு தூக்குமேடை. அதன்மேல் ஒரு மெலிந்த மனிதர், கழுத்தில் சுருக்கு. கீழே ஊரே திரண்டு வாயைப் பிளந்து கத்துகிறது. பலர் கையில் கறுப்புத் துணி. வலது ஓரத்தில் ஒருவன் குதிரையை விரட்டிக்கொண்டு வருகிறான், கையில் கறுப்புக் கொடி. கோட்டையிலிருந்து கறுப்புக் கொடி வந்தால் தண்டனை உறுதி, வெள்ளைக் கொடி வந்தால் மன்னிப்பு. அந்தக் காலத்து வழக்கம் அது. அருங்காட்சியக வழிகாட்டி இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாக்கை வெளியே தள்ளிக் காட்டிச் சொல்லுவார். பிள்ளைகளுக்கு ஏகக் குஷி.

மேடையில் நிற்பவர் முற்றுகைக் காலத்தில் ஊர்க் களஞ்சியத்துக்குக் காவலாக இருந்தவர். ஊர் பட்டினி கிடந்தபோது தானியத்தைத் திருடி எதிரிக்கு விற்றார் என்று குற்றச்சாட்டு. என் வீட்டுக்காரரின் கொள்ளுத்தாத்தாவுக்கும் மேலே ஏதோ ஒரு தாத்தா அவர். வழக்குக் காகிதமெல்லாம் பிற்பாடு ஒரு தீயில் சாம்பலாகிவிட்டது. மிஞ்சியது இந்தப் படமும், அதன் மரச்சட்டத்தின் கீழே பின்னாளில் யாரோ அடித்து வைத்த 'களஞ்சியத் திருடன் தூக்கு' என்ற பித்தளைத் தகடும்தான். அதனால் எங்கள் வீட்டுக்குப் பெயர் தூக்குக்கார வீடு. மாமா மளிகைக் கடைக்குள் நுழைந்தால், "அரிசி மூட்டையை உள்ள தள்ளுப்பா" என்பார்கள். சும்மா விளையாட்டுக்குத்தான். பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது என்பார்களே, அந்த விளையாட்டு.

இதில் கூத்து என்னவென்றால், அருங்காட்சியகத்தில் பழைய படங்களுக்கு வைத்தியம் பார்க்கிற வேலை எனக்கு. கிழிந்ததை ஒட்டுவது, கறையை எடுப்பது, பூச்சி தின்றதைச் சரிசெய்வது. தெரிந்தேதான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டேன். "போயும் போயும் தூக்குக்கார வீடுதான் கெடச்சுதா?" என்று என் அம்மா ஒரு வார்த்தை சொன்னாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து, கல்யாணத்தை இன்னும் முன்னாலேயே வைக்கச் சொன்னேன்.

எல்லாம் ஒரு பேனரில்தான் வெடித்தது. புதிய கண்காட்சிக்காக அந்தப் படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக அச்சடித்து வெளியே தொங்கவிடுவது என்று எங்கள் இயக்குநர் மேடம் முடிவு செய்தார். வெளியே என்றால் தெருவைப் பார்த்த சுவர். எங்கள் கடைக்கு நேர் எதிர். காலையில் மாமா கடை திறந்தால் அவருடைய தாத்தா இரண்டு மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருப்பார்.

சேதி வீட்டுக்கு வந்த அன்று மாமா பாதிச் சாப்பாட்டில் கையை உதறினார்.

"அந்தப் பேனர் ஏறுற அன்னைக்கே நான் கடையை வித்துடுவேன்."

"அப்பா, அவசரப்படாதீங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

"வித்துட்டு எங்கயாச்சும் கண்காணாத ஊருக்குப் போறேன். நீ உன் பொண்டாட்டியோட இங்கயே இரு. அவதானே அதைத் தொடைச்சுப் பளபளன்னு ஆக்கிக் குடுக்கப் போறா."

அதோடு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். உப்பு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, "உப்பு" என்பார். சும்மா மிரட்டுகிறார் என்று நினைத்தேன். மறுவாரமே டைல்ஸ் கடைக்காரர் ஒருவர் வந்து எங்கள் கடையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தார். அளவு நாடா எங்கள் கடையுடையதேதான், இரவல் வாங்கி அளந்தார். என் வீட்டுக்காரர் அன்று முழுக்க ஒரே டப்பா ஆணியைப் பிரித்துப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து அவருக்கு அந்தக் கடைதான் உலகம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. மேடத்திடம் போய்க் கெஞ்சினேன். "குடும்ப விஷயத்தை மியூசியத்துக்குள்ள கொண்டு வராதீங்க," என்று முடித்துவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான், அதனால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

பேனருக்குப் புகைப்படம் எடுக்க வேண்டிய நாளும் வந்தது. காலையில் படத்தைக் கழற்றி என் மேசைமேல் படுக்க வைத்தேன். படத்தைச் சுற்றி, ஜன்னல்போல நடுவில் வெட்டிய ஒரு தடித்த அட்டை. எந்த மகானுபாவன் ஒட்டினானோ, சுற்றிலும் கோந்தை அள்ளி அப்பியிருந்தான். அதை எடுக்க இதுவரை யாரும் துணியவில்லை. எனக்கிருந்த எரிச்சலில் நான் துணிந்தேன். ஓரத்தை லேசாக ஈரப்படுத்தி, மெல்லிய கத்தியை உள்ளே விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவனுடைய ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே பிரித்தேன். வலது ஓரம் கடைசியாக வந்தது.

அட்டையைத் தூக்கிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். குதிரைக்காரனின் கொடி காற்றில் பின்னால் பறக்கிறது, அதன் வால் அட்டைக்கு அடியில் போயிருந்தது. வெளியே தெரிந்தவரை கொடி கன்னங்கரேல். அட்டைக்கு அடியில் இருந்த வால் வெள்ளை.

போச்சு, பிய்த்துவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. கறுப்பு வண்ணம் அட்டையோடு உரிந்து வந்துவிட்டது, அடியில் வெறும் தாள் தெரிகிறது, என் வேலை போயிற்று. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பொட்டுக் கறுப்புகூட ஒட்டியிருக்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து மறுபடி பார்த்தேன். வாலில் இருந்தது வெறும் தாள் இல்லை. கெட்டியாகத் தொட்டு வைத்த வெள்ளை வண்ணம், தூரிகையின் தடம்கூடத் தெரிந்தது. அந்தத் தடம் நிற்காமல் அப்படியே கறுப்புப் பகுதிக்குள் ஓடியது. ஒரே இழுப்பு. ஒரே கை.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாட்டர்கலரில் வெள்ளை வேண்டுமென்றால் பெரும்பாலும் தாளை அப்படியே விட்டுவிடுவார்கள். வண்ணம் தீட்டிய இடத்தின்மேல் சின்னதாக வெள்ளை வைக்க வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் ஈய வெள்ளையைத் தொடுவார்கள். அதில் ஒரு கெட்ட குணம். விளக்குப் புகையும் கரிப் புகையும் பட்டுப் பட்டு, வருஷம் போகப் போகக் கறுத்துவிடும். இது நான் படித்த பாடம், பரீட்சையில் எழுதிய பாடம். ஆனாலும் தினம் இந்தப் படத்தைத் தாண்டிப் போகும்போது எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை. தூக்கு என்றால் கறுப்புக் கொடி என்று ஊர் சொன்னதை நானும் நம்பிக்கொண்டு போனேன். காற்றுப் படாமல் அட்டைக்குள் ஒளிந்திருந்த அந்த நுனி மட்டும் நிறம் மாறாமல் இருந்திருக்கிறது.

வந்தது வெள்ளைக் கொடி! மன்னிப்பு!

மேடத்தின் அறைக்கு நான் நடந்து போகவில்லை, ஓடினேன். வழியில் ஒரு நாற்காலி விழுந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"தகட்டுல தூக்குன்னு போட்டிருக்கே."

"தகடு அடிச்சது எப்போ மேடம்? படம் கறுத்த பின்னாடி. படம் கறுப்பா இருக்குறதைப் பார்த்து அவங்க தகடு அடிச்சாங்க. தகட்டைப் பார்த்து நாம படத்தைப் படிச்சோம். படம் கறுத்துச்சுன்னு ஒரு மனுஷனையே தூக்குல போட்டுட்டோம்!"

"நீங்க அந்த வீட்டு மருமக. உங்களுக்கு அப்படித்தான் தோணும்."

சுருக்கென்றது. அதையும் மறுக்க முடியவில்லை. "அப்போ மருந்தையே கேப்போம்," என்றேன். "அதுக்கு நான் யார் வீட்டு மருமகள்னு தெரியாது." புண்ணைக் கழுவப் போடுவோமே நுரைக்கிற பெராக்சைடு, அதுதான் மருந்து. புகையால் கறுத்த ஈய வெள்ளைமேல் பட்டால் கறுப்பு போய் வெள்ளை திரும்பும். மையோ கரியோ என்றால் அசையாது. போட்டபின் பழையபடி ஆக்க முடியாது என்பதையும் சொன்னேன்.

மேடம் யோசித்தார். அவர் கண்ணிலும் ஒரு பளபளப்பு வந்திருந்ததை நான் கவனித்தேன். "கொடியைத் தொடக்கூடாது. எங்கயாவது மூலையில ஒரே ஒரு பொட்டு. மாறலைன்னா அத்தோட விட்டுரணும், பேனர் இன்னைக்கே அச்சுக்குப் போகும்."

இதை மாமா பார்க்க வேண்டும். ஆனால் அருங்காட்சியக வாசலை அவர் ஜென்மத்தில் மிதித்ததில்லை. அழைத்தால் வருவாரா? கடை வேலை என்று ஏதாவது இருந்தால்தான் வருவார். என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, மாமாவை உடனே இங்க கூட்டிட்டு வாங்க."

"உனக்கென்ன பைத்தியமா? அவர் அங்க வருவாரா?"

"என் ரூம் கதவோட கீல் உடைஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க. நீங்க அளவு தப்பா எடுத்துட்டு வந்துட்டீங்க, மேடம் வேற கடையில வாங்கப் போறாங்கன்னு சொல்லுங்க."

கீல் அளவு தப்பு, வேறு கடை. இந்த இரண்டையும் தாங்கும் சக்தி என் மாமனாருக்குக் கிடையாது. நான் மருந்தைக் கலந்து முடிப்பதற்குள் கையில் கீல் பையோடு மூச்சிரைக்க வந்து நின்றார். பின்னாலேயே என் வீட்டுக்காரர், திருட்டு முழியோடு.

மாமா கதவை ஆட்டிப் பார்த்தார். கீல் நன்றாகவே இருந்தது. திரும்பினார். மேசைமேல் படம். முகம் சுருங்கிப்போயிற்று.

"இதுக்குத்தானா?" என்று மகனைப் பார்த்துக் கேட்டார். "என்னை இங்க கூட்டிட்டு வந்து நிக்க வச்சு அவமானப்படுத்தணுமா?"

"மாமா, ஒரு நிமிஷம். இந்த நுனியை மட்டும் பாருங்க. இது வெள்ளைக் கொடியா இருந்திருக்கலாம். நான் நிரூபிச்சுக் காட்டுறேன்."

அவர் கிளம்பவில்லை. கீல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். அந்த நிமிஷம்தான் எனக்குப் பயம் பிடித்தது. மாறாவிட்டால்? இத்தனை வருஷம் ஒதுங்கியே வாழ்ந்த மனிதரை நானே கூப்பிட்டு வந்து, ஆசை காட்டி, மறுபடியும் தூக்கில் ஏற்றியதாக ஆகும்.

கூட்டத்துக்கு வெளியே, இடது கீழ் மூலையில், ஒரு படிக்கட்டின்மேல் தனியாக ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது. யாரோ தவறவிட்ட துணி. மேடம் சொன்ன மாதிரி மூலை. மெல்லிய தூரிகையை மருந்தில் தோய்த்து, ஒற்றி எடுத்து, அதன்மேல் வைத்தேன்.

காத்திருந்தோம். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி ஒருமுறை தொட்டு வைத்தேன். பொட்டு கறுப்பாகவே இருந்தது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தோம். கல் மாதிரி அப்படியே இருந்தது.

"சரி," என்று மேடம் மெதுவாகச் சொன்னார். "முயற்சி பண்ணீங்க."

என் வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டார். மாமாவை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. அவர் மேசைக்குப் பக்கத்தில் வரும் செருப்புச் சத்தம் கேட்டது. பையைக் கீழே வைத்துவிட்டுப் பூதக்கண்ணாடியை எடுத்தார். தாத்தாவின் முகத்தைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை, நான் மருந்து வைத்த மூலையைத்தான் பார்த்தார். அளவு பார்க்கிறவருடைய பழக்கம், எதையும் ஒருமுறை தானே சரிபார்த்தால்தான் தூக்கம் வரும்.

"மருமகளே," என்றார்.

அத்தனை நாளைக்கு அப்புறம் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"என்ன மாமா?"

"இது துணி இல்ல. இதுக்கு மூக்கு இருக்கு, காலு இருக்கு. இது காக்கா."

பாய்ந்து போய்ப் பார்த்தேன். காக்காதான்! படியில் உட்கார்ந்து ஊர்க்கூத்தை வேடிக்கை பார்க்கிற சாட்சாத் காக்கா. படித்த படிப்பும் பார்த்த வேலையும் எங்கே போயிற்றோ, அவசரத்தில் ஒரு காக்காயை வெள்ளையாக்க மருந்து போட்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மேடம் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார்.

"மேடம், காக்கா கணக்குல சேராது. இன்னும் ஒண்ணே ஒண்ணு!"

"போடுங்க போடுங்க," என்றார் மேடம். கடிகாரத்தைக் கழற்றி மேசைமேலேயே வைத்துவிட்டார்.

இந்தமுறை கூட்டத்தின் ஓரத்தில், ஒரு பெண் உயர்த்திப் பிடித்திருந்த கறுப்புத் துணி. விரல் தெரிகிறதா, மடிப்பு தெரிகிறதா என்று நாலு பேரும் மாறிமாறிப் பார்த்து, துணிதான் என்று தீர்மானித்த பிறகே தூரிகையை வைத்தேன். நாலு தலையும் முட்டிக்கொள்ளக் குனிந்து நின்றோம். மூச்சுவிடும் சத்தம் மட்டும்தான்.

"வருது," என்றார் மாமா.

"எங்க, அப்பா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஓரத்துல பாருடா. வெளுக்குது. வெளுக்குதுடா!"

ஆமாம். கறுப்பு சாம்பலாகி, சாம்பல் தேய்ந்து, அந்தப் பெண்ணின் கையில் துவைத்து எடுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கைக்குட்டை பறந்தது. மேடம் என் கையை நசுக்கிவிட்டார். "கொடி," என்றார். "கொடிக்கு வைங்க. நான் பொறுப்பு."

கொடிக்கு வைத்தேன். என் கை நடுங்கக்கூடாது என்று மாமா என் முழங்கையைக் கீழிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டார், ஏணியில் நிற்பவனைப் பிடிப்பதுபோல. வாலிலிருந்த வெள்ளை மெல்ல மெல்லக் கொடி முழுக்க ஏறியது. குதிரைக்காரனின் கைவரைக்கும் வந்து நின்றது. அதற்குப் பிறகு நான் மற்றத் துணிகளை நிமிர்ந்து பார்த்தேன். அவையும் இதே வெள்ளைதான் என்பதில் எனக்கு இனிச் சந்தேகம் இல்லை. ஊரே குதிரைக்காரனைப் பார்த்துக் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டிருந்தது. வாயைப் பிளந்து கத்தியது என்று சொன்னோமே, அதே வாய்கள்தான். ஒரு கோடு மாறவில்லை. ஏசுகிறது என்று இத்தனை காலம் பார்த்த கூட்டம் சந்தோஷத்தில் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது.

"மன்னிப்பு வந்திருக்குங்கறது நிச்சயம்," என்றார் மேடம், மூக்கை உறிஞ்சியபடி. "ஆனா அவர் திருடினாரா இல்லையான்னு படம் சொல்லாது."

"சொல்லுதேம்மா," என்றார் மாமா. "பட்டினி கெடந்த ஊரு. சோத்துல மண்ணைப் போட்டவனை விட்டுட்டாங்கன்னா, இப்படியா துள்ளிக் குதிப்பாங்க?"

மாமா அதற்கு மேல் யாரையும் பார்க்கவில்லை. மேடையில் நின்ற மனிதரின் முகத்துக்குமேல் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தார். அவருக்கும் மாமாவுக்கும் ஒரே மூக்கு, கொஞ்சம் கோணல்.

"அப்போ அன்னைக்குச் சாயங்காலம் இவரு வீட்டுக்கு வந்துட்டாரு," என்றார். "வீட்டுக்கு வந்து, கையக் கால அலம்பிட்டு, சாப்பிட்டிருப்பாரு. இல்லம்மா?"

"சாப்பிட்டிருப்பார் மாமா," என்றேன். அழாமல் சொல்ல முடியவில்லை.

பேனர் ஏறத்தான் செய்தது. வெள்ளைக் கொடியோடு, இரண்டு மாடி உயரத்துக்கு, எங்கள் கடைக்கு நேர் எதிரே. பித்தளைத் தகட்டைக் கழற்ற மாமாவே திருப்புளியோடு போனார், வேறு யாரையும் விடவில்லை. டைல்ஸ் கடைக்காரர் முன்பணத்தோடு வந்தபோது அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, அளவு நாடாவை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தார்.

பேனர் ஏறிய மறுநாள் காலை நான் கடை வாசலில் நின்றிருந்தேன். சீப்புக்காரர் வந்து ஷட்டரைத் தூக்கினார். தலைக்குமேல் அவ்வளவு பெரிய படம் தொங்கியும், பழக்கதோஷம், நாக்கு நிற்குமா? திரும்பினார்.

"என்ன முதலாளி, கயிறு வந்..."

பாதியில் நின்றுபோயிற்று. கடையின் முகப்பில், இத்தனை வருஷமும் காலியாகக் கிடந்த பெரிய கொக்கியில், புத்தம்புதிதாகக் கயிற்றுக் கட்டுகள் தொங்கின. கிணற்றுக்கயிறு கனத்தில் ஒன்று, அதற்குப் பக்கத்தில் மெல்லியதில் இரண்டு. தராசைத் துடைத்துக்கொண்டிருந்த மாமா துணியை ஓரமாக வைத்தார்.

"வந்தாச்சு," என்றார். "எத்தனை மீட்டர் வேணும்?"

சீப்புக்காரர் தலையைச் சொறிந்தார். மேலே பேனரைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், தெருவில் நின்றுவிட்ட நாலு பேரைப் பார்த்தார். பிறகு சாலையைக் கடந்து வந்தார்.

"துணி காயப்போட ஒரு பத்து மீட்டர் குடுங்க."

மாமா அளந்தார். அளந்து முடித்த பிறகு, ஒரு கை நீளம் கூடவே விட்டு வெட்டினார்.